நான்காவது ஆள்

மகள் புனேவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து எங்கள் போன் பேச்சுக்கு ஒரே அளவுதான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, இல்லை, வைக்கட்டுமா. ஒன்றரை நிமிடம். இழுத்து இழுத்துப் பேசினால் இரண்டு.

அதனால் போன வாரம் அவளே, "அப்பா, ஞாயித்துக்கெழம எங்க கேம்ல ஒரு ஆள் கொறையுது, வர்றியா?" என்று கேட்டபோது, என்ன கேம் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. வாயாலும் சொன்னேன். அவளும் இரண்டு தோழிகளும் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு வேஷம் கட்டி, பூதங்களை அடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசுவார்களாம். பூதம் எக்கேடோ கெடட்டும். இரண்டு மணி நேரம்!

எனக்கு மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் மாவு மில். ஞாயிறு மூன்று மணிக்கே சாமை அரைப்பதை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் மாவோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். சிக்னல் அங்கேதான். மடியில் மகள் விட்டுப்போன லேப்டாப். நான்கு மணிக்கு ஆட்டம். அதற்குள் நான் என்ன இனம், என்ன தொழில் என்று முடிவு செய்ய வேண்டும்.

மனிதன், காது நீண்ட எல்ஃப், தாடி வைத்த குள்ளன், பல் துருத்திய ஓர்க். ஐம்பத்திரண்டு வயதில் இனம் மாற வாய்ப்புக் கிடைத்தால் யாரால்தான் சட்டென்று முடிவு செய்ய முடியும்? பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை. அங்கே தேர்ந்தெடுத்தது என் அம்மா.

மகளுக்குப் போன் போட்டேன்.

"சண்ட போட ஒருத்தி இருக்கா, மந்திரம் போட ஒருத்தி, பூட்டு ஒடைக்க நானு. வைத்தியர்தான் இல்ல. நீ வைத்தியர் எடுத்துக்க."

"எந்த இனத்துல வைத்தியரு?"

"எதுனா ஒண்ணு எடுப்பா. சீக்கிரம்!"

எதுனா ஒன்றா? எல்ஃபுக்கு மந்திரம் அதிகம், உயிர் குறைவு என்று போட்டிருந்தது. எனக்கு ஏற்கெனவே உயிர் குறைவு. துணி எடுக்க வந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"குள்ளன எடுத்துக்கங்க. புதுசா ஒண்ணும் நடிக்க வேணாம்."

"தாடி இருக்குதே?"

"அதான் மூஞ்சி பூரா மாவு ஒட்டிக்கினு இருக்குதே."

குள்ள வைத்தியர் என்று முடிவானது. மணி நான்கைத் தாண்டியது. அதுவரை பதறியவனுக்கு அப்போது பார்த்துப் பதற்றமே இல்லை. எங்கள் மலையில் ஷேர் ஜீப் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. கடைசி ஆள் டீயைக் குடித்து, வாயைத் துடைத்து, எங்கே உட்காருவது என்று கேட்டுக்கொண்டே ஏறலாம். நான்கு பேர் குழு, மூன்று பேர் ஏறியாயிற்று. நான் இல்லாமல் எப்படிப் போவார்கள்? கறுப்பு, செம்பட்டை, நரை என்று தாடியை மாற்றி மாற்றி அழகு பார்த்தேன்.

போன் வந்தது. "அப்பா, நாங்க கெளம்பிட்டோம்."

"நான் ஏறவே இல்லியேம்மா!"

"பத்து நிமிஷம் பாத்தோம்ப்பா. ஆள் வரலன்னா கம்ப்யூட்டரே ஒரு வைத்தியர போட்டுக்கும்."

"அவன எறக்கி வுடு!"

"நடுவுல முடியாதுப்பா."

கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். ஆட்டம் தொடங்குகிற சத்திரத்தில், ஆளில்லாத கூடத்தில், என் குள்ளன் குதித்தான், கும்பிட்டான், குத்தாட்டம் போட்டான். வெளியே போகத்தான் கதவில்லை.

"நீங்க பேசறதையாவது கேக்கறேனே," என்றேன்.

"சரி, மைக்க ஆஃப் பண்ணிட்டுக் கேளு. நீ சும்மா இருக்க மாட்ட." போனில் அவர்கள் பேச்சோடு என்னையும் சேர்த்துவிட்டாள்.

அவள் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "இன்னாடி பண்ற, பின்னாடி பாரு!" என்று கத்தினாள். புனேவுக்குப் போயும் எங்கள் ஊர் "இன்னா" மட்டும் கூடவே இருக்கிறது. மேனேஜரைத் திட்டினாள். போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் ரூமிலேயே கிடந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த மூன்று நாளும் என்னிடம் "சாப்ட்டேன்ப்பா" என்றுதான் சொல்லியிருந்தாள்.

திடீரென்று, "அப்பா, இருக்கியா?" என்றாள்.

மைக் பொத்தானைத் தேடினேன். மாவு விரல் வழுக்கியது. சத்தம் குறைந்தது, திரை இருண்டது, டார்ச் எரிந்தது.

"தூங்கிட்டாரு போல," என்று தோழிகளிடம் சொன்னாள்.

பொத்தான் கிடைத்ததும் "இருக்கேம்மா" என்றேன். அதற்குள் எதிரே ஏதோ பூதம் வந்துவிட்டது. மூவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.