காந்தம் உன் பக்கம், காது என் பக்கம்

ஸ்பீக்கரின் கம்பிச்சுருள், அந்தக் காயில், கருகிய நெடி மூக்கில் ஏறினால் இன்றும் என் வலது கை தானாக விறைத்துக்கொள்ளும். வார்னிஷும் செம்புக் கம்பியும் சேர்ந்து வெந்த வாசனை அது. ஹார்ன் ஸ்பீக்கரின் யூனிட்டைக் கழற்றியதும் குப்பென்று வரும். எத்தனையோ கல்யாண வீடுகள், கோயில் கொடைகள், ஓட்டுக் கேட்கும் ஜீப்புகள் எல்லாம் அந்த ஒரு வாசனையாகத்தான் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

திருநெல்வேலி டவுணில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நானும் கொம்பையாவும் கூட்டாக மைக்செட் ரிப்பேர் கடை வைத்திருந்தோம். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆம்ப்ளிஃபயர் அவன் மேஜை. ஸ்பீக்கர் என் மேஜை. ஸ்பீக்கருக்குள் காந்தத்தைச் சுற்றி மயிரிழை அகலத்தில் ஒரு சந்து உண்டு. காயில் அதற்குள் எங்கேயும் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் பாட்டில் கரகரப்பு கேட்கும். மற்றவர்களுக்கு அது சத்தமாக வைத்தால்தான் தெரியும். எனக்கு முனகலிலேயே தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆனித் திருவிழாவுக்கு முந்தின வாரம், அந்தச் சந்துக்குள் காயிலை இறக்கும்போது என் கை ஆடியது. காயில் நசுங்கியது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நசுங்கியது.

"தள்ளுலே, நான் இறக்குதேன்" என்று கொம்பையா வந்தான். என் ஸ்டூலில் உட்கார்ந்தான். மூச்சுப் பிடிக்கக்கூட இல்லை. காயில் அதுபாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது.

அவன் கையைப் பார்த்தேன். குட்டை விரல்கள், நகத்தில் அழுக்கு. அழகே இல்லாத கை. அது ஏன் ஆடவில்லை?

அரை டம்ளர்

நடுக்கம் வந்த பிறகு என் வீட்டுக்காரி கோமதி எனக்கு அரை டம்ளர் காப்பிதான் தருவாள். சிந்தக்கூடாதே என்ற கரிசனம். கொம்பையாவுக்கு விளிம்பு வரை ஊற்றுவாள். அந்த நுரையைப் பார்த்தபடி என் பாதியைக் குடிப்பேன். மாத்திரைகளும் மாறி மாறிப் பார்த்தாயிற்று. சோறு பிசையும்போது, சட்டைப் பொத்தானைப் போடும்போது, சால்டரிங் அயர்னைத் தூக்கும்போது, எதையாவது செய்யப்போனால் ஆடும். சும்மா மடியில் கிடந்தால் ஒன்றும் இல்லை. வேலைக்கு மட்டும் விரோதியான நோய்.

வாடிக்கையாளர்கள் மெதுவாக மேஜை மாறினார்கள். "கொம்பையா அண்ணாச்சி இருக்காரா?" என்று என் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டார்கள்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், நாகர்கோவில்காரர். இரண்டு வழி சொன்னார். மூளையில் நடுக்கம் கிளம்பும் இடத்தைச் சின்னதாகச் சுட்டுவிடலாம். அல்லது அங்கே ஒரு கம்பியை வைத்து, தோலுக்கடியில் இழுத்து, நெஞ்சில் ஒரு பேட்டரிப் பெட்டியைப் புதைக்கலாம். பெட்டி அனுப்பும் மின்சாரம் நடுக்கத்தை அடக்கும்.

"சுட்டா சுட்டதுதான். பெட்டின்னா கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம்."

"வால்யூம் மாதிரியா சார்?"

"அப்படியே வச்சுக்கோங்க. பெட்டி வச்சுக்கிட்டவர் ஒருத்தர் உங்க ஊர்ப் பக்கம்தான் இருக்கார். போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

பேங்க் அண்ணாச்சி

அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டத்து ரேடியோ கடைக்குக் கொடுக்க வேண்டிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, நானும் கொம்பையாவும் பஸ் ஏறினோம். தூக்கியது அவன்தான்.

"வாரும்வே, உக்காரும்" என்றார். காப்பியை அவரே கொண்டுவந்தார். விளிம்பு வரை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இவர் கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவர். இவருக்கு எதற்கு இவ்வளவு நிதானமான கை?

சட்டையை விலக்கிக் காட்டினார். கழுத்தோர எலும்புக்குக் கீழே தோல் சின்னதாக மேடிட்டிருந்தது. ஒரு காந்தத்தை அதன்மேல் வைத்து எடுத்தார். டம்ளர் பிடித்த கை படபடவென்று ஆடியது. மறுபடி வைத்து எடுத்தார். நின்றது.

"இதுதான்வே சுவிட்ச். ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத் தூங்குவேன். பேட்டரி மிச்சம்."

கிளம்பும்போது அவருக்குக் குஷி. "நான் தூக்கித் தாரேன். இந்தக் கை இப்ப எதையும் தூக்கும்" என்று ஸ்பீக்கரைக் கேட்டார். கொம்பையா தொழில் பழக்கத்தில் சொன்னான்: "பேப்பரத் தொட்டுராதிய அண்ணாச்சி. பேப்பரு வெளிய பாக்கணும். பின்பக்கத்த நெஞ்சோட அணைச்சுக்கிடுங்க."

எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் தூக்குவோம். முன்பக்கத்துக் கூம்புப் பேப்பர் கிழிந்தால் ஸ்பீக்கர் போச்சு. பின்பக்கம் என்பது காந்தம். உள்ளங்கை அகலக் காந்தம்.

வாசல்படியில் அவர் கை உதறியது. ஸ்பீக்கர் நழுவியது. தரைக்கு ஒரு சாண் மேலே கொம்பையா அதைப் பிடித்தான், அந்தக் குட்டை விரல்களால்.

அண்ணாச்சி ஆடிக்கொண்டே சிரித்தார். "ஏ கொம்பையா! என்னைய ஆஃப் பண்ணிட்டீரேவே!"

தம்முடைய காந்தத்தை மேட்டின்மேல் வைத்து எடுத்ததும் அவர் கை அடங்கியது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் வரை கொம்பையா ஸ்பீக்கரை அணைத்தபடி இருந்தான். காந்தம் அவன் நெஞ்சில். அவன் நெஞ்சுக்கு அது ஒன்றும் செய்யாது.

பெட்டியா, சூடா

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பெட்டி வைத்தால் கை கிடைக்கும், ஸ்பீக்கர் மேஜை கொம்பையாவுக்குப் போகும். சுட்டுக்கொண்டால் காந்தத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கலாம். சூடே போதும் என்று திரும்பவும் திருவனந்தபுரம் போனேன். அண்ணாச்சி வீட்டில் நடந்ததையும் சொன்னேன்.

டாக்டர் என் இடது கையில் ஒரு பேனாவைக் கொடுத்து வட்டம் போடச் சொன்னார். கோடு நெளிந்தது. நான் அதுவரை கவனிக்காத நெளிவு.

"இதுவும் ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு பக்கமும் சுட்டா பேச்சு குழறிடலாம். பெட்டின்னா, அப்புறம் வேணும்னா இன்னொரு பக்கமும் வைக்கலாம். உங்க காந்தத்தால ஆபத்துன்னு இல்ல, ஆனா ஆஃப் ஆகும். நெஞ்சுக்குக் கிட்ட வரக்கூடாது."

மைக் டெஸ்டிங் சொல்லிப் பிழைத்த நாக்கு என்னுடையது. பெட்டிக்குச் சம்மதித்தேன். செலவுக்குக் கோமதி வீட்டு வாழைத் தோட்டம் போனது.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உடம்புக்குள் ஒரு சாமான் வைக்கப் போகிறீர்கள் என்றால், அது அடுத்தவர் கையை எப்படி நிறுத்தியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் நெஞ்சோடு எதை எதை அணைக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு மைக்செட் தெரியாது. அந்தப் படிக்கட்டில் ஸ்பீக்கர் நழுவியிராவிட்டால், ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாளே நான் ஒன்றை அணைத்துத் தூக்கியிருப்பேன்.

ஜங்ஷன்

ஆபரேஷனுக்குப் புறப்படும் காலையில் கடையைப் பார்த்தேன். கொம்பையா ஆம்ப்ளிஃபயர்களை என் பக்கம் நகர்த்தியிருந்தான். ஸ்பீக்கர்கள் எல்லாம் எதிர்ச்சுவரோரம். என் ஸ்டூலும் அங்கேதான் இருந்தது. நியாயமான ஏற்பாடு. பார்க்கச் சகிக்கவில்லை.

அவன் ஜங்ஷன் வரை வந்தான். கோமதி ரயிலில் ஏறி இடம் பிடித்துவிட்டாள். நான் கதவருகே நின்றேன்.

"கொடையிலருந்து வந்த அந்த யூனிட்ட நான் வாற வரைக்கும் பிரிக்காதலே."

"நீ வந்து? காந்தம் பக்கமே நீ வரப்பிடாதே."

"தூர நின்னு சொல்லுவேன்."

"எவ்வளவு தூரத்துல நிப்பலே?"

வண்டி அசைந்தது. அவன் கூடவே நடந்தான், இரண்டு கையையும் வீசி. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"தெருமுனையில நின்னாலும், நீ இறக்குன காயில் உரசுனா எனக்குக் கேக்கும்லே."