காரணம்: தாயார் இறப்பு

இன்னைக்கும் ஆபீஸ்ல பேனா மூடியைத் தொறந்தா ஒரு அம்மா குரல் கேக்குது. நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரல். அந்தம்மா முகம் எனக்குத் தெரியாது, அவங்க வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதில்ல. ஆனா சாகறதுக்கு முன்னாடி அவங்க கேட்ட ஒரு கேள்வி எங்கிட்ட வந்து ஒட்டிக்கிச்சு. போவே மாட்டேங்குது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் என் கையெழுத்து. சும்மா சொல்லக் கூடாது, முத்து முத்தா இருக்கும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்ததுல இருந்து, எந்த ரிஜிஸ்டரா இருந்தாலும் "மேடம்கிட்ட குடுங்க, அழகா எழுதுவாங்க"ன்னு என் மேஜைக்குத்தான் வரும். அதுல எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். கொரோனா வந்து மாவட்ட எல்லையெல்லாம் அடைச்சப்போ, செங்கம் தாண்டி பெங்களூரு ரோட்டுல போட்ட செக்போஸ்ட்டுக்கு என்னைத் தூக்கிப் போட்டதும் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

செக்போஸ்ட்னா பெருசா ஒண்ணுமில்ல. ஒரு சாமியானா பந்தல், ரெண்டு பிளாஸ்டிக் மேஜை, ரோட்டுக்குக் குறுக்கால இரும்பு டிரம். வர்றவங்க வண்டிய ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழட்டணும். சுகாதார ஆய்வாளர் நெத்திக்கு நேரா அந்தத் துப்பாக்கி மாதிரி இருக்கற மிஷினைப் புடிச்சுக் காய்ச்சல் பார்ப்பார். அடுத்தது என் மேஜை. பேர் என்ன, எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, என்ன காரணம், எல்லாம் எழுதிக்கிட்டு, அழியாத மையில புறங்கையில ஒரு முத்திரை குத்துவேன். அப்புறம் டவுனுக்குப் போற வழியில ஒரு காலேஜ்ல மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்துட்டு, வீட்டுக்குப் போய்ப் பதினாலு நாள் வெளிய தலை காட்டாம இருக்கணும். இது காரணம் சரியா இருக்கறவங்களுக்கு. சரியில்லாதவங்க ஒண்ணு வந்த வழியே திரும்பணும், இல்லைன்னா ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த காலேஜ் ஹாஸ்டல்லயே கெடக்கணும். ரிசல்ட் வர ரெண்டு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும்.

சரியான காரணம்னு எங்களுக்குச் சொல்லியிருந்தது மூணே மூணு. கல்யாணம், வைத்தியம், இறப்பு. கல்யாணத்துக்குப் பத்திரிகை காட்டணும், வைத்தியத்துக்குச் சீட்டு காட்டணும். இறப்புக்கு மட்டும் வாய் வார்த்தை போதும். இது ரோட்டுல வர்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அடேங்கப்பா, அந்த ஒரு மாசத்துல எத்தனை பெரியப்பா, எத்தனை சித்தி! ஒருத்தன் ரெண்டாவது தடவையா மாமனாரைச் சாகடிச்சுட்டு வந்து நின்னான். "ஏம்பா, போன வாரம் செத்த மனுஷன் இந்த வாரமும் செத்தாரா?"ன்னு நான் போட்ட சத்தத்துல டூட்டி போலீஸ்காரர் குடிச்ச டீ புரையேறிச்சு.

மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ரிஜிஸ்டர் பக்கத்தை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்புல போடணும். அதுல இருக்கற அந்தந்த ஊர் தலையாரிங்க, வந்தவங்க வீட்டுக்குப் போய் நோட்டீஸ் ஒட்டுவாங்க, பிளீச்சிங் பவுடர் தெளிப்பாங்க. இறப்புன்னா கூட்டம் சேராம பார்த்துப்பாங்க. மத்தவங்க எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். தலையாரிங்க போன் போட்டு, "மேடம், இது இறப்பா, இருப்பா?"ன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுக்குவாங்க. நான் எழுதின பக்கத்துக்கு ஒரு போனும் வராது. அதுவும் எனக்குப் பெருமைதான்.

அந்த மனுஷன் வந்தப்போ காலையில பத்து மணி இருக்கும். பைக்குல வந்தார். நாப்பது நாப்பத்தஞ்சு வயசு, அடர்த்தியான சுருட்டை முடி, சட்டையெல்லாம் சிமெண்ட் கறை. பெங்களூருல பூச்சு வேலையாம். ஹேண்டில்ல ஒரு பாலிதீன் பை, அதுல வெண்ணெ பிஸ்கட். காய்ச்சல் இல்ல. எங்க போறீங்கன்னு கேட்டேன், அடி அண்ணாமலைன்னார். காரணம் கேட்டேன்.

"எங்கம்மாவப் பாக்கணுங்க. ரொம்ப முடியல. தங்கச்சி போன் பண்ணுச்சு, கண்ணைத் தொறந்து என்னையே கேக்கறாங்களாம். ரெண்டு தடவை இ-பாஸுக்குப் போட்டேன், ரெண்டும் ரிஜெக்ட்டு."

"ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா?"

"அம்மாவை வீட்டுலதாங்க வெச்சிருக்கு. இனிமே தூக்கிட்டு அலைய வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "சாகக் கெடக்கறதுக்குன்னு ரிஜிஸ்டர்ல எடம் இல்லையே மேடம். ஹாஸ்டலுக்குத்தான் அனுப்பணும்"னார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்ல, சட்டம் அப்படி. செத்தவங்களைப் பார்க்க உள்ள விடுவோம், உயிரோட இருக்கறவங்களைப் பார்க்க விட மாட்டோம். எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு. சட்டத்து மேல வந்த எரிச்சல், ஆனா கத்தினது அந்த மனுஷன் மேல.

"ஏங்க, உங்களுக்குப் பொழைக்கத் தெரியலையே! இறப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்களேன். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க."

அவர் ரெண்டு கையாலயும் ஹெல்மெட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னார். "எங்கம்மா உசுரோட இருக்காங்க மேடம். அதை என் வாயால சொல்ல மாட்டேன். ஹாஸ்டல்னா ஹாஸ்டல்லயே இருக்கேன்."

"சரி, நீங்க சொல்ல வேணாம். நானே எழுதிக்கறேன்."

தாயார் இறப்பு. ரெண்டே வார்த்தை. ஆய்வாளர் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். நான் முத்திரையைக் குத்தி, "டெஸ்ட்டு குடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போங்க"ன்னேன். அவர் கண்ணு கலங்கிப்போச்சு. "வரேங்க மேடம்"னு கும்பிட்டுட்டுப் போனார். பன்னெண்டு மணிக்கு வழக்கம் போல பக்கத்தைப் போட்டோ புடிச்சுக் குரூப்புல போட்டேன். எனக்கு அதுல எதுவுமே தோணல. ஐயோ, ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாமே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே!

அன்னைக்கு வீட்டுக்குப் போய் வாசல்லயே குளிச்சுட்டு, புருஷன்கிட்ட தள்ளி நின்னு பெருமையாச் சொன்னேன், ஒரு புள்ளையை அம்மாகிட்ட சேர்த்து வெச்சேன்னு. அவர் முகம் மாறிச்சு. "ஏம்மா, இருக்கறவங்களைப் போய் அப்படி எழுதுவியா?"ன்னார். "சும்மா அபசகுனமா பேசாதீங்க"ன்னு அவர் வாயை அடைச்சேன்.

பதினாலு நாள் கழிச்சு அதே பைக் டவுன் பக்கம் இருந்து வந்துச்சு. தூரத்துலயே அடையாளம் தெரிஞ்சு, "என்னங்க, அம்மாவைப் பார்த்தீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே எழுந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழட்டினார். மொட்டைத் தலை.

அவர் கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மேஜைக்கு முன்னாடி நின்னு மெதுவாச் சொன்னார்.

அன்னைக்கு காலேஜ்ல டெஸ்ட்டுக்கு வரிசை பெருசு. அவர் வீடு போய்ச் சேர சாயங்காலம் நாலு ஆயிடுச்சு. ஆனா தலையாரி ஒரு மணிக்கே போயிட்டார். பிளீச்சிங் பவுடரோட வாசல்ல நின்னு, "எப்ப எடுக்கறீங்க? ஆளுங்க ஜாஸ்தி கூடக் கூடாது"ன்னு கேட்டிருக்கார். எழவு வீட்டுல எல்லாரும் கேக்கறதுதான். தங்கச்சிக்காரி, "உன் வாயில கொள்ளிய வைக்க, எங்கம்மா உள்ள கண்ணு முழிச்சிருக்காங்கய்யா"ன்னு கத்தியிருக்கா. தலையாரியும் பதறிப்போய் போனை நீட்டி, "உங்கண்ணன்தான்மா செக்போஸ்ட்ல எழுதிக் குடுத்திருக்காரு, பாரு"ன்னு சொல்லியிருக்கார். எல்லாம் உள்ள கட்டில்ல இருந்த அம்மா காதுல விழுந்துடுச்சு.

"நான் போனப்போ நெனவு இருந்துச்சுங்க. பக்கத்துல உக்காந்து பிஸ்கட்டை டீயில தொட்டு வாய்கிட்ட கொண்டுபோனேன். வாயைத் தொறக்கல. என்னையே பாத்து, 'நீயாடா சொன்ன?'ன்னு கேட்டாங்க. நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னு சொன்னேன். நம்புனாங்களான்னு தெரியல. அதுக்கப்புறம் பேசல. விடியறதுக்குள்ள போயிட்டாங்க."

நான் அழுதேன். ரோட்டுல, அத்தனை பேர் பாக்க. மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேனா, மனசுக்குள்ள நெனச்சேனான்னு இப்ப ஞாபகம் இல்ல. அவர் ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். புரட்டிக் காட்டினேன். அந்த வரியில விரலை வெச்சுப் படிச்சார். "எழுத்து நல்லா இருக்குங்க. அதான் யாருக்கும் சந்தேகம் வரல"ன்னார். குத்திக் காட்டறதுக்குச் சொல்லல, பட்டதைச் சொன்னார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"இதை அடிச்சுட்டு, அம்மாவைப் பாக்கன்னு எழுதிடறீங்களா மேடம்?"

பதினெட்டு வருஷ சர்வீஸ், நான் யோசிக்கறதுக்கு முன்னாடியே வாய் பதில் சொல்லிடுச்சு: "ரிஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாதுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தார். வரேன்னு சொல்லல. எழவு வீட்டுல இருந்து கெளம்பறவங்க சொல்ல மாட்டாங்க இல்ல, அப்படித்தான் போனார்.

அதுக்கப்புறம் கிரிவலம் போறதை விட்டுட்டேன், அந்தப் பாதை அவர் ஊர் வழியாத்தான் போகும். அடி அண்ணாமலை வழியா பஸ் போனாக்கூட எந்தத் தெருவோ, எந்த வீடோன்னு தலையைக் குனிஞ்சுக்குவேன். எங்கம்மா ஊர்ல இருந்து போன் பண்ணி, "நீயா பேசற?"ன்னு கேட்டாப் போதும், தூக்கிவாரிப் போடும்.

போன வருஷம் ரெக்கார்டு ரூம்ல பழைய ரிஜிஸ்டரையெல்லாம் ஒழிச்சுக் கட்டச் சொன்னாங்க. அந்த செக்போஸ்ட் ரிஜிஸ்டரும் என் கைக்கு வந்துச்சு. பக்கம் மஞ்சளாயிருந்துச்சு, மை மட்டும் அப்படியே இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். அடிக்கல. அந்த வரிக்குப் பக்கத்துல, ஓரத்துல எழுதினேன்: "இதைச் சொன்னது மகன் இல்லை அம்மா. நான்." கீழ கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணும்னு நெனச்சேன்.

இல்ல. முத்து முத்தாத்தான் விழுந்துச்சு.