தவிடு கொடுக்காமல் திரும்பினேன்

என் மகளுக்குப் பிறந்த மூன்றாம் மாதத்தில் வயிறு பானைபோல வீங்கியது. மாந்தம் என்று நினைத்து வசம்பு உரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு மறுவருடம், ஆவணி மாதம். நான் காரைக்கால்மேட்டுக்காரி. ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றதும் அந்த வாய் அடைத்துப்போனது. சிறுநீரகத்துக்கு மேலே கட்டியாம். ஈரலுக்கும் பரவிவிட்டதாம். பால்குடிப் பிள்ளைக்கு!

"இந்த வயசுல சில புள்ளைங்களுக்குத் தானா வத்திடும்மா. இப்ப மருந்து வேணாம். மாசாமாசம் கொண்டாங்க, பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர்.

மருந்து வேண்டாம் என்ற பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம், கைவிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

"அம்பகரத்தூர் அம்மனுக்குத் தத்துக் குடுத்துட்டு, தவிட்டுக்குத் திரும்ப வாங்கிடுங்க அண்ணி. ஆயுசு கெட்டியாவும்" என்றாள் நாத்தனார்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சந்நிதியில் பிள்ளையைக் கிடத்தினேன். தவிட்டைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். முறத்தில் தவிட்டோடு நாத்தனார் நிற்கிறாள். என்னால் முடியவில்லை. மகளை மறுபடி என் பிள்ளையாக்கி, அப்புறம் சாகக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. எல்லோர் முன்னாலும் அம்மனிடம் கத்தினேன்.

"நான் வாங்க மாட்டேன். இது ஒம்புள்ள. பொழைச்சா வந்து வாங்கிக்கிறேன். செத்தா ஒம்புள்ளதான் சாவும், எம்புள்ள இல்ல."

பிள்ளையோடும் தவிட்டோடும் வீடு திரும்பினோம். அன்று முதல் நான் அவளுக்கு வளர்ப்புக்காரிதான். "பால் குடிங்க தாயி" என்றுதான் சொல்வேன். மகளே என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். மார்பில் போடும்போதெல்லாம் அம்மனிடம், "ஒம்புள்ளைக்கு மூச்சு வாங்குது, பாத்துக்க" என்பேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான். நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது என் வீட்டுக்காரரின் பிடிவாதம். இரண்டாம் மாதம் வயிறு இன்னும் பெரிதானது. நான் மனதுக்குள் அழுது முடித்துவிட்டேன். நான்காம் மாதம் டாக்டர் ஸ்கேனை இரண்டு தடவை பார்த்தார்.

"வத்துதும்மா."

ஒரு சொட்டு மருந்து உள்ளே போகவில்லை. ஒன்றரை வயதில் கட்டி இருந்த தடமே இல்லை. டாக்டர் முதலில் சொன்னதும் உண்மைதான், சில பிள்ளைகளுக்கு வற்றும். எந்தப் பிள்ளைக்கு என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தவளிடம்தான் நான் கொடுத்திருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே பிள்ளையோடு அம்பகரத்தூர் போய், தவிட்டை அளந்து சந்நிதியில் கொட்டிவிட்டு, "வாடி எம்மவளே" என்று தூக்கினேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இன்று அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் யாரையும் முன்போல வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை படுத்திருந்தால், டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். தாங்க முடியாததை அம்மன் மடியில் போடுங்கள். பக்தியோடுதான் போட வேண்டும் என்றில்லை. நான் சண்டை போட்டுத்தான் போட்டேன், அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.