அம்மை போடாதவர் முகம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில், பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கொடுப்பது என் வேலை. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில் வரும் ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியாது. எது எந்த மூலையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். இந்த வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே பிடித்துப்போனது.

ஒருநாள் மத்தியானம் பூலாம்பாடியிலிருந்து ஒரு அக்காவும் அவருடைய நாத்தனாரும் வந்தார்கள். அக்காவின் கணவர் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காரியம், படத்திறப்பு. லாரி ஓட்டியவர், கேமரா என்றாலே நழுவி விடுவாராம். கல்யாணமான புதிதில் அரியலூரில் எடுத்த உள்ளங்கை அளவுப் படம் ஒன்றுதான் இருந்தது.

"அவரு அவராட்டமே இருக்கணும்ணே. நாலு மணி பஸ்ஸ புடிக்கணும்" என்றார் அக்கா.

பெரிதாக்கியதும் முகம் மங்கியது. ஷார்ப் ஏற்ற, அதாவது மங்கலைத் தெளிவாக்க, திரையில் இழுக்கிற மூன்று கோடுகள் உண்டு. அவசரத்தில், டிவியில் சத்தம் வைப்பதுபோல மூன்றையும் கடைசி வரை இழுத்துவிட்டேன். அந்தப் படம் தேன்கூடு மாதிரி குழிகுழியான பழைய தாளில் போட்டது. அத்தனை குழியும் கன்னத்தில் ஏறிக்கொண்டது. தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு வேறு.

அக்கா திரையைப் பார்த்தார். "இவருக்கு அம்மையே போட்டதில்லையேண்ணே."

"தலைய சுத்தி என்ன வெளிச்சம்? எங்கண்ணன சாமியாக்கிட்டீங்களா? அது கோயில் பக்கமே போவாதே!" என்றார் நாத்தனார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று கோடுகளையும் பழையபடி இறக்கிவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை ஸ்கேன் செய்தேன். ஸ்கேனரில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுகிறது, அதனால்தான் குழிகளில் நிழல் தட்டுகிறது. திருப்பி வைத்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழும். இரண்டாவதை நிமிர்த்தி முதல் படத்தின்மேல் பாதி தெரிகிற மாதிரி போட்டதும், நிழலும் நிழலும் அடித்துக்கொண்டு குழிகள் போய்விட்டன. பிறகு கண், புருவம், மீசை, சட்டைக் காலர், இவற்றில் மட்டும் கொஞ்சம் ஷார்ப். கன்னத்தைத் தொடவில்லை.

"இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கண்ணே. செல்லுல எடுத்தாப்ல பளிச்சுனு இருக்கட்டும்" என்றார் நாத்தனார்.

வந்தவர்கள் சொன்னதைச் செய்துவிடுவதுதான் என் வழக்கம். அன்று கை கோட்டுக்குப் போகவில்லை. "வேணாங்க" என்றேன். எனக்கே கேட்காததால் மறுபடியும் சொன்னேன். "வேணாங்க. இதுக்கு மேல ஏத்துனா வேற ஆளாயிருவாரு. இது சொவத்துல மாட்டுற படம். பிரிண்ட் போட்டுத் தரேன், தள்ளி நின்னு பாருங்க."

"ஸ்டுடியோ அண்ணன் வாயத் தொறந்துட்டாரு, அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தார்.

பிரிண்டை எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். அக்கா கடை வாசல் வரை பின்னால் போய் நின்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சியப் பாரு" என்றார் கடைசியில், படத்தைப் பார்த்தே. "படம் புடிச்ச அன்னைக்கே தலப்பாடா அடிச்சுகிட்டேன், கொஞ்சம் சிரிங்கன்னு. கேட்டீங்களா?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பிரிண்டை அட்டையோடு சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தேன்.