சஷ்டி ஆறு நாளும் நான் வாய் திறக்கவில்லை

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு அப்பனும் மகனும் பேசாமல் இருந்தால் அந்த வீட்டுத் தாய்க்காரி என்ன பாடு படுவாள் என்பது பட்டவளுக்குத்தான் தெரியும். நான் பட்டேன். சித்திரையில் தொடங்கிய சண்டை ஐப்பசி வரைக்கும் ஓயவில்லை. முருகன்தான் முடித்து வைத்தான். பஜனைக்கு வருகிற நீங்கள் எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உள்ளது உள்ளபடி சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கு ஊர் இளம்பிள்ளை. குழித்தறி நெசவு. அப்போது யுத்தகாலம், நூல் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. என் மகன் மணி சடுகுடு ஆட்டக்காரன். அவன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிர்க்கட்சிக்காரன் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டான் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேச்சு. பெற்றவளுக்குப் பெருமை இருக்காதா? என் வீட்டுக்காரருக்கோ அந்த ஆட்டத்தின் பேரைக் கேட்டாலே ஆகாது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவருடைய தம்பி இளவயதில் சடுகுடு ஆடிக் கணுக்கால் முறிந்தவர். அதற்குப் பிறகு தறிக்குழியில் இறங்கி மிதிக்கட்டையை மிதிக்கவே அவரால் முடியவில்லை. நெசவாளிக்குக் கால் போனால் சோறு போனது போலத்தான்.

சித்திரையில் ஒரு நாள் பாவு போட வேண்டியிருந்தது. நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும்போதே பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ் போட்டு இழை பிரிக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் ராசிபுரம் பக்கம் ஆடப்போன மணி விடியற்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் விட்டார்கள். இங்கே வெயில் ஏறிவிட்டது. அவன் கழுத்தில் மாலையோடு தெருவுக்குள் நுழைந்தபோது, பாவு முழுக்க ஒட்டிப் பாயாகிக் கிடந்தது.

தெருவே வேடிக்கை பார்க்க, அவர் அந்த மாலையைப் பிடுங்கி எறிந்தார். "இனி என்னைய அப்பான்னு கூப்புடாத. கூப்புட்டா எனக்குக் காது கேக்காது" என்றார்.

மகன் மட்டும் லேசுப்பட்டவனா? அவர் பிள்ளைதானே. அன்றைக்கு மூடிய வாய்தான். அந்தச் சொல்லை அவன் மறுபடி சொல்லவே இல்லை.

அதிலிருந்து நான் மத்தளம் ஆனேன், இரண்டு பக்கமும் இடி. "உன் மகனைத் தார்க்குச்சியில நூலு சுத்தச் சொல்லு" என்பார், மகன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். "சுத்தியாச்சுன்னு சொல்லுங்கம்மா" என்பான் அவன். நானும் இதை அங்கே, அதை இங்கே என்று தபால்காரி வேலை பார்த்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மணி ஒரு குண்டைப் போட்டான். "அம்மா, சஷ்டியன்னிக்கு ஜலகண்டாபுரத்துல ஆட்டம். முடிஞ்சதும் அப்படியே மேட்டூர் மில்லு வேலைக்குப் போயிக்கறேன். இந்த ஊட்டுக்கு இனி வரமாட்டேனுங்க."

பேசாமல் இருந்தாலும் கண்ணெதிரே இருந்தானே. இப்படியே பிரிந்து போனால் இந்த இரண்டு வீம்புக்காரர்களும் ஜன்மத்துக்கும் சேரமாட்டார்கள். கோயிலுக்குப் போய் முருகன் முன்னால் நின்று அழுதேன். "அப்பா முருகா, ஒரு பழத்துக்காக அப்பனோடு கோபித்துக்கொண்டு மலை ஏறி நின்றவன் நீ. உனக்குத் தெரியாத வீம்பா? இவனை ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. என் வீட்டில் அந்த ஒரு சொல் மறுபடி கேட்கட்டும். சஷ்டி ஆறு நாளும் மௌன விரதம் இருக்கிறேன், சூரசம்ஹாரம் முடிகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று தெரியும். சோறு இல்லாமல் இருந்துவிடுவேன், பேச்சு இல்லாமல் இருக்கமாட்டேன்.

முதல் நாள் காலையில் அவர், "நாடாவை எங்க வெச்சான்னு கேளு" என்றார், பாவுக்குக் குறுக்கே நூலோடு ஓடுகிற கட்டையைத்தான். நான் நெற்றி விபூதியைக் காட்டி, வாயில் விரல் வைத்தேன். அவர் திகைத்துப்போனார். தபால் ஓடவில்லை என்றால் இரண்டு பேரும் நேரே பேசித்தானே ஆகவேண்டும்? முருகன் என்ன கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அவர் தறித் தூணைப் பார்த்து, "ஏந் தூணு, நாடா எங்கன்னு தெரியுமா?" என்றார். மணி வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "கூரை எறவாணத்துல சொருகியிருக்குதுன்னு சொல்லு, ஆடு" என்றான். ஐந்தாம் நாளுக்குள் தூணும் ஆடும் என் வேலையை என்னைவிட நன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டன. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று கொடுக்கிறாயே, முருகா! இப்போது இவர்களுக்கு நான்கூட வேண்டாமென்று ஆகிவிட்டதே" என்று மனசுக்குள் சண்டை போட்டேன். அவனும் என்னைப்போல மௌன விரதம்.

ஆறாம் நாள் மணி துணிமூட்டையோடு கிளம்பிவிட்டான். அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கோயிலுக்குப் போகிற பெண்களோடு வண்டி ஏறி ஜலகண்டாபுரம் போனேன். மத்தியான வெயில். மைதானத்தைச் சுற்றி ஒரே ஜனம்.

கடைசியில் இரண்டு கட்சியும் சமமாக நின்றன. மணி பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு முரட்டு ஆள் பாய்ந்து அவனுடைய வலது கணுக்காலைப் பிடித்தான். மணி குப்புற விழுந்தான். அந்த ஆள் காலை முறுக்கினான். நடுக்கோடு ஒரு முழத் தூரம்தான், ஆனால் பிள்ளையால் நகர முடியவில்லை, மூச்சு தேய்ந்துகொண்டே போகிறது. எனக்குக் கொழுந்தனாரின் கால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தவும் முடியாது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மைதானமே அதிரும்படி கேட்டது.

"சாமீ! வலது உடு! எடது மிதி! எடது மிதி!"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, என் வீட்டுக்காரர்! தறியில் உட்கார்ந்திருந்தவர் எப்போது, எப்படி நடந்து வந்தாரோ. சின்ன வயதில் மணியைத் தறிக்குழியில் பக்கத்தில் உட்காரவைத்து, இப்படிச் சாமி என்று கூப்பிட்டு, இந்தக் குரலில்தான் மிதிக்கப் பழக்கினார். பிள்ளையின் கால் யோசிக்கவில்லை, கேட்டபடி செய்தது. வலது கால் தளர்ந்தது, இடது கால் மண்ணை ஓங்கி மிதித்தது, பிடி நழுவியது. முன்னால் பாய்ந்து கோட்டின்மேல் கை வைத்தான்.

ஆனால் பாயும்போது அவன் வாயில் வந்தது "சடுகுடு" இல்லை. "அப்பா!" என்று கத்திவிட்டான்.

நடுவர் கையைத் தூக்கிவிட்டார். பாட்டு விட்டுப்போனது, ஆள் அவுட். ஆட்டம் தோல்வி.

மணியின் கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவரிடம் போய்விட்டார். சடுகுடு என்றாலே ஆகாத மனுஷன்! "ஏனுங்க, பெத்தவனைப் பையன் அப்பான்னு கூப்புட்டா அது தப்பாங்க?" என்றார்.

"கூப்புடலாமுங்க. பாடறப்ப கூப்புடக் கூடாதுங்க" என்றார் நடுவர்.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மண்ணில் உட்கார்ந்து மகனுடைய கணுக்காலைத் தடவிப் பார்த்தார். "வலிக்குதா, கண்ணு?" என்றார். "இல்லீங்கப்பா" என்றான். அவர் காது நன்றாகத்தான் கேட்டது. நான் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் நடுவில் தோற்றவனைப் பெற்றவள் நான். என்னைவிடச் சந்தோஷப்பட்டவள் அங்கே யாரும் இல்லை.

சாயங்காலம் சூரசம்ஹாரம் பார்த்து விரதம் முடித்தேன். துணிமூட்டையை அவரே வாங்கி எங்கள் வண்டியில் போட்டார். வண்டி ஏறியதும் ஆறு நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எங்கே? அந்தப் பிடியை எப்படி உடைத்திருக்கலாம் என்று அப்பனும், இப்படி இல்லீங்கப்பா என்று மகனும், ஊர் வந்து சேரும்வரை எனக்கு இடமே விடவில்லை.

மணி அடுத்த மாதம் மேட்டூர் போனான், ஆனால் அப்பா கையால் விபூதி வாங்கிக்கொண்டு போனான். பாவு போடுகிற நாளில் விடியும்போதே வந்து பிரஷோடு நிற்கிறான். மேட்டூர் பக்கம் ஆட்டம் என்றால் இவர் தறியை நிறுத்திவிட்டுப் போய் வருகிறார். ஆட்டம் தெரிந்தவர் மாதிரித் தடுமாறாமல் பேசவும் கற்றுக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பேசாமல் முறைத்துக்கொண்டு யாராவது இருக்கலாம். நாம் பேசிப் பேசிப் பார்த்தும் ஆகவில்லை என்றால், முருகனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வோம். நான் கேட்டது ஒரே ஒரு சொல். ஆட்டத்தையே விலையாக வைத்து அதை வாங்கிக் கொடுத்தான். இப்போது அது காலையிலும் மாலையிலும் என் வீட்டில் கேட்கிறது, மகன் ஊரில் இல்லாத நாளில்கூட. வாசலில் அந்த ஆடு கத்தினால்கூட "மணி அப்பான்னு கூப்புடறான் போல" என்று அவர் எழுந்து போய்ப் பார்க்கிறார்.