மாமா பார்த்துச் சொன்ன வண்டி

எங்கள் நாடகக் கம்பெனி வெகுகாலம் மாட்டுவண்டியிலேயே ஊர் சுற்றியது. கடம்பத்தூரில் படுதாக்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், பெரியபாளையம் போய்ச் சேர்வதற்குள் பனியிலும் புழுதியிலும் ராஜா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிவிடும். சண்டை முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட லாரிகள் அப்போது கைமாறிக் கைமாறி எங்கள் பக்கமும் வந்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு லாரிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

எங்களில் வண்டி தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அங்கே வலது கால் நசுங்கி, பிரேக்கை மிதிக்க வலுவில்லாமல் போய், தங்கை வீட்டோடு வந்துவிட்டார். திரை இழுப்பதும் படுதா கட்டுவதும் அவர் வேலை. எள் என்றால் எண்ணெயாக நிற்பார். இருந்தும் அப்பாவின் கணக்கில் அவர் தண்டச்சோறுதான்.

எளாவூரில் சாலையோரத்தில் இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன. பெரியதில் சாமானோடு மொத்தக் கம்பெனியும் ஏறலாம். சின்னதில் படுதா, சிம்மாசனம், பெட்டிகள் போக நடிப்பவர்களுக்கு மட்டுமே இடம். சின்னதை வாங்கினால் திரை இழுக்கத் தனியாள் கிடையாது என்று அப்பா வரும்போதே பஸ்ஸில் சொல்லிவிட்டார். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தரகர் பெரிய வண்டியைத் தட்டி, “ஆன படுத்தாலும் குதிர மட்டம், நைனா” என்றார். அதன் அடியில் ஊர்ந்து போன மாமா வெகுநேரம் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். வந்தவரை அம்மா புளியமரத்தடிக்கு இழுத்துப் போனாள். வாலாக நானும் போனேன்.

“பெருசே நல்லாக்குதுன்னு சொல்லுண்ணா. உன்னியும் இட்டுக்கினு போவாரு.”

“அடிச்சட்டம் வெடிச்சிக்கிதும்மா. தார பூசி மறச்சிக்கிறான். பாரம் ஏத்துனா பாதி வழில ஒடஞ்சிடும். நீயும் கொயந்தயும் அது மேலதான குந்திக்கினு வரணும்?”

“அப்போ நீ எங்கண்ணா போவ?”

மாமா சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டு நடந்தார். அப்பாவிடம் போய், “சின்னதே எடுங்க மாப்ள. இஞ்சின் சுத்தமா கீது” என்றார்.

பெரிய வண்டியில் காலை நீட்டி உட்காரக் கொடுத்துவைக்கவில்லையே என்று அம்மா அழுகிறாள் என நினைத்தேன். எனக்குச் சின்ன வண்டிதான் பிடித்திருந்தது.

ஆடித் திருவிழா நாடகத்துக்கு முதல் பயணம். சாமான் முழுவதையும் மாமாதான் ஏற்றிக் கட்டினார். “நீ போ, நான் பின்னால வரேன்” என்று என்னைத் தூக்கி மேலே விட்டார். தெருமுனையில் நின்று கையாட்டியவரை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அன்று எனக்கு அது தெரியாது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பாவாடையை விரித்து மாமாவுக்கு இடம் பிடித்து வைத்தேன். யார் உட்கார வந்தாலும் சீறினேன். முன்னால் வெயில் தாங்கவில்லை என்று திருவள்ளூரில் அப்பா பின்பக்கம் ஏறி வந்தார்.

“இது மாமா எடம்” என்றேன்.

எதிர்த்துப் பேசினால் கன்னத்தில் அறைகிற அப்பா, பெரியபாளையம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். எனக்குப் பயந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.