போடாத கம்பிக்குப் பத்தியம்

கொய்யாப்பழத்தை மார்த்தாள் கடிப்பதில்லை. சுரங்கத்துக் கேன்டீனில் முதல் ஷிப்டுக்கு டீ ஊற்றி முடித்ததும், ஓரமாக உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாகக் கடைவாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். முறுக்கைத் தொட மாட்டாள். பண்ருட்டிப் பலா வந்து ஊரே மணக்கிற மாதத்திலும், கைக்கு வந்த சுளையைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவாள். பல்லில் கம்பி போட்டவர்கள் கடினமானதைக் கடிக்கக் கூடாது, ஒட்டுகிறதைத் தின்னக் கூடாது என்று பல் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக அதை இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கிறாள். ஒரே ஒரு குறை. கம்பிதான் இன்னும் போடவில்லை.

"போட்டதுக்கப்புறம் திண்டாடக் கூடாதில்ல, இப்பவே பழகிக்கினு இருக்கேன்" என்பாள், விஷயம் தெரிந்த ஒரே ஆளான கணவன் லியோவிடம். மற்றவர்களிடம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

முப்பத்தாறு வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு அடங்காமல் வெளியே நிற்கும். கொரோனா போய் ஊரெல்லாம் மாஸ்க்கைத் தூக்கி எறிந்த பிறகும் அவள் எறியவில்லை; கேட்டால் நிலக்கரித் தூசி என்பாள். மாஸ்க் இல்லாத நேரத்தில் கை அந்த வேலையைப் பார்க்கும். சிரிப்பு வருவதற்கு முன்பே கை வாய்க்கு வந்துவிடும். அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்தில்கூடச் சிரிப்பு கிடையாது. பெண் சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்தார்களாம். பாவம், அன்றைக்கு அவள் மனசுக்குள் துள்ளிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்; ஆனால் எத்தனை வருஷ ஆசை அது!

விசாரிக்காத இடமில்லை. சாதாரணக் கம்பிக்கே நாற்பதாயிரம் ஆகும், பாதியை முதலில் கட்டிவிட்டால் மீதியை மாதாமாதம் கம்பியை டைட் செய்ய வரும்போது தரலாம் என்றார் டாக்டரம்மா. தவணைக் கடன் கொடுக்கிறவன் கேன்டீன் வேலை பர்மனென்டா, கான்ட்ராக்டா என்று கேட்டான். கான்ட்ராக்ட் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டான். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் பாதிகூட ஆகாதாம். ஆனால் அதற்காக அடிக்கடி ஷிப்டை விட்டால், திரும்பி வரும்போது டீ ஊற்ற வேறொருத்தி நிற்பாள். முதலில் கட்டும் பாதிக்குக் கடைசியில் சீட்டுதான் கதி என்றாயிற்று.

மந்தாரக்குப்பத்தில் நூர் நிஷா அக்கா நடத்தும் சீட்டில் ஏலமும் இல்லை, குலுக்கலும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பெண்கள் எல்லாரும் அவர் வீட்டில் கூடுவார்கள். முறுக்குத் தட்டு சுற்றி வரும். பணம் வேண்டியவள் எதற்கு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். யாருடைய தேவை பெரிதோ அவளுக்கு. பிரசவம், ஆபரேஷன், காலேஜ் ஃபீஸ் என்று ஒவ்வொருத்தியும் சொல்லும்போது மார்த்தாளுக்குப் பல் என்று சொல்ல வாய் வராது. இந்த வயதில் பல்லுக்கா என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது?

போன சீட்டில் வாயே திறக்காமல் இருந்து, கடைசி ஆளாகப் பணம் வாங்கினாள். அந்த வாரமே லியோ வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பணத்தை அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் அழுதான்.

இந்த மாத ஞாயிறு அவள் கிளம்பும்போது லியோ நொண்டிக்கொண்டே வாசல் வரை வந்தான்.

"இந்தத் தடவ கேட்டுடு மார்த்தா. வாயத் தொறந்து கேக்காம வந்த துட்டு நம்ம வூட்டுல தங்கல" என்றான்.

அன்றைக்கு ஏஞ்சலின் மட்டும்தான் கேட்டாள், ஃப்ரிட்ஜ் வாங்க. வேறு யாருக்காவது வேண்டுமா என்று நூர் நிஷா சுற்றிப் பார்த்தார். மார்த்தாள் மாஸ்க்கைக் கழற்றி மடித்தாள். உடனே வாயை மூடப் போன வலது கையை, இடது கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பல்லுக்குக் கம்பி போடணுங்கக்கா. நல்லா சிரிக்கணும்னு ஆசையா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் அடுத்த மாதம் வரட்டும் என்று முதலில் சொன்னவளே ஏஞ்சலின்தான். நூர் நிஷா பணத்தை எடுத்து மார்த்தாளின் கையில் வைத்து அழுத்தினார்.

"எத்தினி நாளா இத மனசுல வச்சிக்கினு இருந்த நீ?"

முறுக்குத் தட்டு வழக்கம்போல மார்த்தாளைத் தாண்டிப் போயிற்று. நாளைக்கே டாக்டரம்மாவிடம் போய்விடலாம். போய்விட்டால் அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முறுக்கு கிடையாது. மார்த்தாள் எட்டித் தட்டைப் பிடித்து நிறுத்தினாள். இருந்ததிலேயே பெரிய முறுக்காகப் பார்த்து எடுத்து, கையால் மறைக்காமல், எல்லாரும் பார்த்திருக்க, அந்த இரண்டு முன்பற்களாலேயே நறுக்கென்று கடித்தாள்.